டிரம்ஸ்காரனின் இடது காது

எங்கள் பேண்டில் காலையில் எழுந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "கூவுதா?" என்பதுதான். முந்தின நாள் சாயங்காலம் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பிலோ, தேனியில் ஒரு கல்லூரி விழாவிலோ வாசித்திருப்போம். வேன் ஏதாவது டீக்கடை ஓரம் நிற்கும். பல்கூட விளக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, காதுக்குள் இரைகிற அந்த மெல்லிய விசில் சத்தத்தை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்போம். விசில் பலமாக இருந்தால் ஷோ பிரமாதம். லேசாக இருந்தால் ஸ்பீக்கர்காரர் ஏமாற்றிவிட்டார். யாருக்குமே கூவவில்லை என்றால் மத்தியானம் வரைக்கும் வேனுக்குள் பேச்சே இருக்காது. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். பரீட்சையில் டெசிபல் கணக்குப் போட்டு மார்க் வாங்கியவள். அந்தக் கணக்கு டீக்கடை வரைக்கும் வந்ததே இல்லை.

நாங்கள் மூன்று பேர். பாட்டும் கிட்டாரும் ஒருவன், பேஸ் கிட்டார் நான், டிரம்ஸ் இன்னொருவன். பாடுகிறவனும் நானும் ராஜபாளையம். டிரம்ஸ்காரனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், சர்ச்சில் வாசித்துப் பழகியவன். வேன் ஓட்டுகிற அண்ணன்தான் சவுண்டும் பார்ப்பார். எல்லா ஊரிலும் சினிமாப் பாட்டுத்தான் கேட்பார்கள். வாசிப்போம். நடுவில் யாரும் கவனிக்காத நேரம் பார்த்து எங்கள் சொந்தப் பாட்டு இரண்டை நுழைத்துவிடுவோம். அந்த இரண்டுக்காகத்தான் மற்ற எல்லாம்.

"கூவுதா?" போட்டியில் எப்போதும் டிரம்ஸ்காரன்தான் ஜெயிப்பான். எங்களுக்கு டீ ஆறுவதற்குள் அடங்கிவிடுகிற விசில் அவனுக்கு மறுநாள்வரை நிற்கும். அதைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. வாசிக்கிறவருக்கே கேட்பதற்காக வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் மேடையில் அவனுக்கு இடது பக்கம்தான் இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் அண்ணனைப் பார்த்துக் கையை மேலே தூக்கிக் காட்டுவான்.

"அண்ணே, இன்னும் செத்த ஏத்துங்க!"

"இதுக்கு மேல ஏத்துனா ஸ்பீக்கர் எந்திரிச்சி ஓடிரும்லே."

"ஓடட்டும், நீங்க ஏத்துங்க."

வாசிக்கும்போது என் வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் கம்பியைத் தட்டுகிற அதே கணத்தில் அவன் கால் கிக் டிரம்மில் விழும். பேஸும் டிரம்ஸும் ஒரே ஆள் வாசித்த மாதிரி இருக்கும். பாடுகிறவன் கிண்டல் செய்வான்: "ஏலே, அவ கைய இப்பிடியே பாத்துக்கிட்டு இருந்தேன்னா அவ அப்பா மேடைக்கே வந்திருவாரு பாத்துக்கோ." எனக்கு உள்ளுக்குள் கர்வமாக இருக்கும். என் வாசிப்பில் அவனுக்கு அம்புட்டு நம்பிக்கை என்று நினைத்துக்கொள்வேன்.

அவன் அப்பா ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர். அவனுடைய சொந்த அண்ணனும் ராணுவத்தில்தான் இருக்கிறான். இரண்டாவது பையனும் போகவேண்டும் என்பது அந்த வீட்டில் யாரும் பேசித் தீர்மானிக்க வேண்டியிராத விஷயம். ஷோ முடிந்து திரும்பும்போது வேன் அவனை வீட்டில் இறக்கிவிடாது, மைதானத்தில் இறக்கிவிடும். அப்பா அங்கே காத்துக்கொண்டு நிற்பார். தூங்காத கண்ணோடு ஓடுவான். ஓட்டத்தில் தேறினான், எழுத்துப் பரீட்சையிலும் தேறினான். மெடிக்கல் மட்டும்தான் பாக்கி.

அதிலும் தேறிவிட்டால் பேண்ட் அவ்வளவுதான். எங்கள் பாட்டை வாசிக்கத் தெரிந்த வேறு ஆளை இந்தப் பக்கத்தில் எங்கே போய்த் தேடுவது? அவனுக்கும் போக இஷ்டமில்லை. அப்பாவிடம் அதைச் சொல்கிற தைரியம் இல்லை, அதுதான் விஷயம். மெடிக்கலுக்கு முந்தின வாரம் செட்டியார்பட்டி பக்கம் டீ குடிக்க நிறுத்தியபோது, குழாயில் காலை நனைத்துக்கொண்டு வந்து சிமெண்டுத் தரையில் அழுத்தி வைத்தான். தட்டைப் பாதமாக இருந்தால் தள்ளிவிடுவார்களாம். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

"போச்சு. நல்லா வளைஞ்சு கெடக்கு. பரதநாட்டியமே ஆடலாம்லே" என்றான் பாடுகிறவன்.

"கண்ணு?" என்று நான் கேட்டேன்.

"பஸ்ஸு போர்டெல்லாம் ஒனக்கு நான்தான படிச்சுச் சொல்லுதேன்."

"பல்லு?"

"எல்லாம் இருக்கு. வேணும்னா ஒண்ணத் தட்டி விடு ஏட்டி."

மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் அவன் உடம்பில் ஏதாவது ஒரு குறை அகப்படாதா என்று நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தோம்.

மெடிக்கல் முடிந்து, "தள்ளிட்டாங்க" என்று ஒரே வார்த்தையில் போன் செய்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்காமல் பஸ்ஸிலேயே உட்கார்ந்து ராஜபாளையத்துக்கு வந்துவிட்டான். நாங்கள் வேனோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். முந்தின கல்யாண மேடையில் மிச்சமான ஒரு மாலை வேனுக்குள் கிடந்தது. பாடுகிறவன் அதை அவன் கழுத்தில் போட்டு, நடு பஸ் ஸ்டாண்டில் தூக்கிச் சுற்றினான். காய்கறிக் கூடையோடு நின்ற ஒரு அம்மா, "வேல கெடச்சிருச்சாய்யா? நல்லா இருங்க" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

வேனில் ஏறிய பிறகுதான் காரணத்தைக் கேட்டோம்.

"காது" என்றான். "நம்மள திரும்பி நிக்கச் சொல்லுதாங்க. ஒரு காத வெரலால அடைச்சுக்கணும். தள்ளி நின்னு டாக்டர் மெல்லமா ஏதாவது சொல்லுவாரு, நாம திருப்பிச் சொல்லணும். வலது காதுல சரியாச் சொல்லிட்டேன். இடதுக்கு மாத்துனாங்க. டாக்டர் இன்னும் ஆரம்பிக்கலன்னு நெனச்சு நின்னுக்கிட்டே இருந்தேன். பொறவு பாத்தா அவரு முன்னால வந்து நிக்காரு. மூணு தடவ சொல்லிட்டாராம்."

பாடுகிறவனுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. இரண்டு பேருமே பாதியில் நிறுத்திக்கொண்டோம். ஓட்டுகிற அண்ணன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நாளா?" என்று கேட்டேன்.

"விசிலு நிக்கவே இல்ல. நெறைய மாசமாச்சு. தூங்கும்போது ஃபேன ஃபுல்லா வச்சுக்குவேன், அந்தச் சத்தத்துல இது தெரியாது." என் பக்கம் திரும்பினான். "ஒன் பேஸு எனக்குக் கேட்டு ரொம்ப நாளாச்சு ஏட்டி. கையப் பாத்துத்தான் அடிக்கேன்."

மாலை இன்னும் அவன் கழுத்தில்தான் இருந்தது. யாருக்கும் அதைக் கழற்றத் தோன்றவில்லை.

மதுரையில் ஒரு காது மருத்துவரிடம் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் விரல் பட்டன்மேல் அசையாமல் இருந்த நேரம்தான் அதிகம். செத்துப்போன நரம்பு திரும்பி வராது என்றார் மருத்துவர். மிச்சமிருப்பதாவது வேண்டுமென்றால் இனி டிரம்ஸ் பக்கமே போகக்கூடாது, வலது காதிலும் ஆரம்பித்துவிட்டது என்றார். சத்தத்தைக் குறைத்து, காதை அடைத்துக்கொண்டு வாசித்தால் என்ன என்று நான் வேகவேகமாக ஏதேதோ யோசனை சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவன் வீட்டுக்கும் போனோம். திட்டுவார் என்று நினைத்த அப்பா திட்டவில்லை. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, டிவியை அணைத்தார்.

"பீரங்கி பக்கத்துலயே இருந்தவன்மா நான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "காத அடைக்காம எங்கள அங்க நிக்கவே விடமாட்டாங்க. நீங்க அம்புட்டுப் பேரும் காலேஜ் படிச்ச புள்ளைகதான?"

அவன் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை.

தேவதானத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு முன்பே ஒத்துக்கொண்டிருந்தோம். டிரம்ஸுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் எல்லாப் பாட்டுக்கும் டிரம்ஸை லேப்டாப்பில் நானே உட்கார்ந்து செய்தேன். அவன் எந்த இடத்தில் கொஞ்சம் முந்துவான், எங்கே சிம்பல் தட்டை வேண்டுமென்றே அடிக்காமல் விடுவான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அப்படியே போட்டேன். செய்யும்போது நன்றாக வருகிறதே என்று சந்தோஷமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வேண்டாம் என்று சொல்லியும் அவன் எங்களோடு வேனில் வந்தான். மண்டபத்துக்கு அந்தப் பக்கம் வயலை ஒட்டி வேனை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டான். மேடையில் டிரம்ஸ் இருக்கும் இடத்தில் நாற்காலிமேல் லேப்டாப் இருந்தது. முதல் பாட்டு ஆரம்பித்ததும் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். சின்னப்பிள்ளைகள் ஆடினார்கள். பெண்ணின் சித்தப்பா போலீஸ் வேலையில் இருப்பவராம், அவர்கூட ஆடினார். எங்கள் சொந்தப் பாட்டுக்கும் ஆடினார்கள். பழக்கத்தில் நான் இடது பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லேப்டாப் ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

முடிந்ததும் வேனுக்குப் போனேன். ஜன்னலில் தட்டினேன். கேட்கவில்லை. அவன் இடது பக்க ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தான். சுற்றிப் போய் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

"எப்பிடி?" என்றான்.

"எல்லாரும் ஒன்னையத்தான் கேட்டாக."

"யாரு கேட்டா?"

ஒரு முகமாவது ஞாபகத்துக்கு வருமா என்று பார்த்தேன். மண்டபத்து விளக்கில் ஆட்கள் இன்னும் சிரித்துக்கொண்டே பந்திக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஆடுனாகளா?" என்று அவனே கேட்டான்.

"ஆடுனாக."

தலையை ஆட்டினான். "அப்பம் சரி" என்று சொல்லிவிட்டு, எனக்கு உட்கார நல்ல இடம் கிடைக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கமாக நகர்ந்துகொண்டான்.