லோசலீன் பாடிய நூறாம் ஆண்டு

வவாவுத் தீவில் எங்கள் மெதடிஸ்ட் சபையின் நூறு வருஷச் சரித்திரத்தை எழுதியவன் நான். செயலாளர் எழுதாமல் வேறு யார் எழுதுவது? முதல் கோயிலைப் புயல் கொண்டுபோனது, மணி வந்தது, பதினெட்டுப் போதகர்கள் வந்துபோனது, எல்லாம் அதில் உண்டு. லோசலீன் இல்லை. இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன்.

பத்தொன்பது வயதில், கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றாள். சபை விலக்கு வைத்தோம். கோயிலுக்கு வரலாம், திருவிருந்து கிடையாது, பாடகர் பெஞ்சும் கிடையாது. பிள்ளைக்குத் தகப்பன் மூப்பர் சியோசாயாவின் தம்பி. அந்தப் புண்ணியவானை மூன்றே மாதத்தில் சேர்த்துக்கொண்டோம்! இவள் பதினேழு வருஷம், எங்கள் ஊர் மரியாதைப்படி இடுப்பில் பாய் சுற்றிக் கதவோரம் உட்கார்ந்தாள். வாயே திறக்கவில்லை. பாடினால் பாடகர் பெஞ்சில்தான் என்று வீம்பு. அவளுக்கு வேறு ஆசையும் இல்லை.

நூறாம் ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, முதல் குரல் பாடும் ஃபீபேவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மூப்பர் லோசலீனைத் தேடி ஓடினார். நானும் கூடப் போனேன். அவள் சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“வந்து பாடும்மா. சபை மானம் போகுது.”

“என் மானம் போனப்ப எங்க இருந்தீங்க மூப்பரே?”

“பழசை விடு. நீ பாடு, அடுத்த கூட்டத்துல உன் பேரைச் சேர்த்துடறோம்.”

“சத்தியமா?”

“மூப்பன் வாக்கும்மா.”

பாடினாள். அடேயப்பா! தலைநகரிலிருந்து வந்த விருந்தாளிகள் தேம்பி அழுதார்கள். நானும் அழுதேன். அப்புறம் எல்லாரும் போய்ப் பன்றிக்கறி தின்றோம்.

அடுத்த மாதம் கூட்டம். அவள் பேரை எடுத்ததுமே ஃபீபேவின் புருஷன் எழுந்தான். “விலக்குல இருக்கிறவ பாடகர் பெஞ்சுல எப்படி ஏறலாம்?”

மூப்பர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “குத்தந்தான். விதியை நான் மீற முடியுமா?” என்றார், பாவி.

இன்னும் ஐந்து வருஷம் என்று தீர்மானமானது. அவளை அழைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. அவள் வெள்ளைக் கவுனைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

“வர்ற ஞாயிறா அண்ணே?”

“இல்லம்மா. விலக்குல இருக்கும்போது பாடினது குத்தமாம். இன்னும் அஞ்சு வருஷம்.”

கவுனைக் கொடியிலிருந்து உருவினாள். “நீங்களுந்தானே வந்து கூப்பிட்டீங்க?”

“ஆமா.”

“அதைக் கூட்டத்துல சொன்னீங்களா?”

நான் சொல்லவில்லை.