முரசு எழுதப்படாத சிம்பொனி

மொசார்ட் தன்னுடைய நாற்பதாம் சிம்பொனியைத் தன் காதால் கேட்காமலேயே செத்துப்போனாராம். அடுத்த கச்சேரிக்கு அதை எடுத்திருந்த எங்கள் வாத்தியக் குழுவில் செல்லோ வாசிக்கும் ஜோனாஸ் சொன்னான். அவனுக்கு அவனுடைய பழைய ஆசிரியை சொன்னாராம். ஆசிரியைக்கு யார் சொன்னார்கள் என்று அவன் கேட்கவில்லை. இல்லை, மொசார்ட் கட்டாயம் கேட்டிருப்பார் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஆனால் குழுவில் முரசு அடிக்கும் சூசைரட்ணம் அண்ணனுக்கு அந்தக் கதை பிடித்துப்போயிற்று. அதைக் கொண்டுபோய்த் தமிழ்ச் சங்கத் தலைவர் யோகராசாவிடம் சொன்னார்.

யோகராசாவிடம் ஒன்றைச் சொல்வதும் அச்சகத்தில் கொடுப்பதும் ஒன்றுதான். இரண்டே நாளில் ஒஸ்லோவின் ரொம்மன் பகுதிக் கடைகளின் கண்ணாடிக் கதவுகளில் சுவரொட்டி ஏறிவிட்டது: "மொசார்ட்டே கேட்டிராத இசை! நோர்வே வாத்தியக் குழுவில் முதல் தமிழ் முரசு! சூசைரட்ணம் அவர்களுக்குப் பொன்னாடை!" இருநூறு வருடங்களுக்கு மேலாக உலகமெல்லாம் வாசித்துத் தேய்த்த இசை அது. ஒரு காலத்தில் பாதிப் பேருடைய கைபேசியில் மணியாகக்கூட அடித்தது. யோகராசாவைக் கேட்டால் அது சங்கம் கண்டுபிடித்தது.

"நோர்வே வாத்தியக் குழு" என்பதையும் கொஞ்சம் விளக்கவேண்டும். நாங்கள் இருபத்தெட்டுப் பேர். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே உட்கார்ந்து வாசிப்போம். ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர் ஓபோ ஊதுவார். அவர் ஊதுவதைக் கேட்டால் அவருடைய பழைய நோயாளிகள் மேல் இரக்கம் வரும். நான் இரண்டாம் வயலினில் கடைசி வரிசை. திருச்சியில் கர்நாடக சங்கீதம் படித்த கை. அதை மன்னித்துக்கொண்டிருப்பதாக முன்வரிசைக்காரர்கள் முகத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

சூசைரட்ணம் அந்தப் பள்ளிக்கூடத்தின் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். பல்பு மாற்றுவது, பனி தள்ளுவது, அடைத்துக்கொண்ட குழாயைத் திறப்பது எல்லாம் அவர்தான். சிறுவயதில் யாழ்ப்பாணத்துக் கடற்கரைத் தேவாலயம் ஒன்றின் பாண்டு வாத்தியத்தில் பெரிய மேளம் அடித்தவர். இங்கே வந்து வடக்கே மீன் ஆலையில் ஆறு வருடம் விரல் விறைத்தார். பிறகு ஒஸ்லோவில் படிக்கட்டுக் கழுவினார். அதற்குப் பிறகு இந்த வேலை. குழுவின் டிம்பனிகள், அதாவது செப்பு அண்டாவில் தோல் கட்டியதுபோன்ற இரண்டு முரசுகள், அவருடைய சாமான் அறையில்தான் கிடந்தன. முன்பு அடித்தவர் ஊர் மாறிப்போனபோது, குழுவை நடத்தும் யூலியா இவரைக் கேட்டார்.

மூன்று வருடமாக அடிக்கிறார். அதில் பரிகசிக்க எனக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. நூறு தாளச் சுற்று கைகட்டி எண்ணிக்கொண்டிருந்து, நூற்றோராவதில் ஒரே ஒரு அடி அடிக்க வேண்டுமென்றால் சரியாக அடிப்பார். முன்வரிசையில் எண்ணத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அவருக்கு வாய்தான் எதிரி. மகள் வினோஜா துரொண்ட்ஹெய்மில் ஆய்வுகூட வேலைக்குப் படிக்கிறாள். நல்ல படிப்பு. ஆனால் சூசைரட்ணம் சனத்திடம் சொன்னது டொக்டர் படிப்பு என்று. வெஸ்ட்லியில் நடந்த ஒரு கலியாண வீட்டில் நான்கு பெண்கள் அவளைச் சூழ்ந்து, பிரஷர் மாத்திரையையும் வீங்கின முழங்காலையும் காட்டினார்கள். அன்று ரயிலேறிப் போனவள் இரண்டு வருடமாக வீட்டுக்கு வரவில்லை.

கச்சேரியைப் பற்றிச் சொன்னபோது அவள் கேட்டாளாம்: "உண்மையா நீங்கள் அடிக்கிறீங்களோ அப்பா? இல்லாட்டி இதுவும் என்ரை டொக்டர் படிப்பு மாதிரியோ?"

"சத்தியமா பிள்ளை, மூண்டு வருசமா அடிக்கிறன்."

"அப்ப வாறன்."

இதை அவர் என்னிடம் மூன்று தடவை சொன்னார். 

கோடை விடுமுறை முடிந்து முதல் ஒத்திகை. யூலியா இசைத்தாள்களைக் கொடுத்துக்கொண்டே வந்தார். சூசைரட்ணத்தின் தாங்கி வெறுமையாக நின்றது.

"யூலியா, என்ரை தாள்?"

யூலியா கோப்பைப் புரட்டினார். பிறகு முகம் சிவந்தார். "இதில் டிம்பனி கிடையாது, சூசை. அவர் எழுதவே இல்லை. எல்லாருக்கும் தெரியுமென்று நினைத்தேன். அடுத்த முறை நிச்சயம்."

கேக் யார் கொண்டுவருவது என்பதற்கு மூன்று மின்னஞ்சல் அனுப்புகிறவர் இதற்கு ஒரு வரி எழுதவில்லை. எனக்கு ஜூன் மாதமே தெரியும். இணையத்தில் தேடிப் பார்த்திருந்தேன். முரசும் இல்லை, ட்ரம்பெட்டும் இல்லை. வேறு யாராவது சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன். குடியுரிமை இல்லாதவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது: பிறர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருப்பது. அதற்கு அடக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

சேதி கேட்டு யோகராசா சாமான் அறைக்கே வந்தார்.

"இல்லையெண்டால்? என்ன இல்லை?"

"எனக்கு அதிலை ஒண்டுமில்லை ராசா. அந்தாள் எழுதேல்லை."

"எழுதாட்டி என்ன? இடையிலை ரெண்டு சாத்துச் சாத்தன். எங்கடை சனத்திலை ஆருக்குத் தெரியப்போகுது?"

"மற்ற இருபத்தேழு பேருக்கும் தெரியுமடாப்பா."

"அப்ப அடியாதை. தடியைப் பிடிச்சுக்கொண்டு பின்னாலை இரு. முதல் பகுதி முடிய நான் மேடையிலை ஏறிப் பொன்னாடையைப் போத்துறன். ஃபோட்டோவிலை மேளம் சத்தம் போடுமே?"

சிம்பொனியின் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கைதட்டினாலே இந்த ஊரில் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த இடைவெளியில் பொன்னாடை, மாலை, இரண்டு நிமிடம் தலைவர் உரை! யூலியாவுக்கு உரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. சூசை சும்மா உட்கார்ந்திருக்கலாமா என்று மட்டும் யோகராசா கேட்டார். "தாராளமாக! அவர் நம்மவர்தானே, எவ்வளவு அழகாக இருக்கும்," என்றார் யூலியா. சங்கமும் நோர்வே நாகரிகமும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். உட்காரப் போகிறவரை இருவரும் கேட்கவில்லை.

கடைசி ஒத்திகையில் தடிகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்துதான் இருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"பழக்கத்திலை எண்ணிப்போட்டன் தம்பி. முதலிலை இருந்து கடைசி மட்டும். ஓரிடமும் வரேல்லை."

"வினோஜாகிட்ட சொல்லிட்டீங்களா, அண்ணே?"

"சொல்லவேணும்," என்றார். அதைத்தான் ஏழு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு கச்சேரி. சனி காலை நாற்காலி அடுக்க நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவர் சாமான் அறையில் முரசின் பக்கத்தில் நின்றார், கையில் கைபேசி. வினோஜாவின் ரயில் ஒரு மணி நேரத்தில் புறப்படுகிறது.

"வந்தப்புறம் நேர்ல சொல்லிக்கலாமே, அண்ணே," என்றேன். என்னிடம் வேறென்ன யோசனை இருக்கும்?

"வந்து நான் அந்தச் சால்வையோடை நிக்கிறதைப் பாத்தாளெண்டால், தம்பி, பிறகு என்ரை செத்தவீட்டுக்கும் வரமாட்டாள்."

முதலில் யோகராசாவை அழைத்தார். "ராசா, நாளைக்கு நான் மேடையிலை இல்லை. வாசலிலை நிண்டு ரிக்கெட் பாக்கப்போறன். ஓம், முடிவாத்தான் சொல்லுறன். பொன்னாடையை நீயே போத்திக்கொள். உனக்கு வடிவாயிருக்கும்." அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. அவர் வைத்துவிட்டார்.

பிறகு மகளின் எண்ணை அழுத்திவிட்டு, அவள் எடுப்பதற்கு முன்பே தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்த்தார். "பிள்ளை, எனக்கு அதிலை ஒண்டும் எழுதேல்லை. முந்தியே சொல்லியிருக்கவேணும். பிழை என்ரைதான். மேளம் இல்லை. அப்பா வாசலிலை நிப்பன். விருப்பமெண்டால் வா." திருப்தி வரவில்லை. "பிழை என்ரைதான்" என்பதை முதலில் வைத்து மறுபடி சொன்னார்.

மணி போய்க்கொண்டிருந்தது. அவள் எடுக்கவில்லை. தானாக அறுந்தது. மறுபடி அழுத்தினார். என்னை வெளியே போகச் சொல்லிக் கையால் காட்டினார். நாற்காலிகள் இருந்த பக்கம் நடந்தேன். பின்னால் மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது.