பனையூரணியிலிருந்து வந்த மண்

எங்கள் சொந்த ஊர் மேலப்பனையூரணி. திருநெல்வேலிக்குத் தெற்கே, பேருந்து போய்த் திரும்புகிற கடைசி ஊர். நான் பிறந்தது தாராவியில், இருப்பது செம்பூரில். ஆனாலும் ஊர் எது என்று யாராவது கேட்டால் அந்தப் பெயரைத்தான் சொல்வேன். பெயரில் ஊரணி உண்டு, ஊரில் கிடையாது. நான்கு கிணறுகளும் ஒரு குளமும்தான். ஏன் அப்படி என்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை, போன வருஷம் அத்தை வீடு மாறும்வரை.

அத்தை என் அப்பாவின் அக்கா. தாராவியில் அவர் குடியிருந்த வரிசையை இடிக்கப் போவதால், விக்ரோலியில் ஏழாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களில் இன்னும் ஐந்து குடும்பங்களுக்கும் அதே கட்டடம்தான். லிப்ட், குழாய்த் தண்ணீர் எல்லாம் அத்தைக்குப் பிடித்திருந்தது. தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் வைத்த அம்மன் கோவிலில் தினமும் விளக்குப் போடுகிறவர் அவர். முட்டுவலியோடு விக்ரோலியிலிருந்து ரயிலேறி வர முடியாது. கட்டடத்தின் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் அம்மனை வைத்துக்கொள்ள குடியிருப்போர் சொசைட்டியில் சரி என்று சொல்லிவிட்டார்கள். மண்தான் கிடைக்கவில்லை.

புது இடத்தில் தெய்வத்தை அமர்த்த, பழைய கோவிலிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போக வேண்டும். பிடிமண் என்போம். ஊரில் கேட்டோம். தாராவிக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று, ஒரே சனத்துக்கு இரண்டாம் தடவை கொடுக்கிற வழக்கமில்லை என்றார்கள். தாராவிக் கோவிலைப் பார்த்துக்கொள்கிறவர் என் தாய்மாமா. நாமே மண் வாங்கி வந்தவர்கள், தாய்க்கோவில் இருக்கும்போது நாம் எப்படிக் கொடுப்பது என்றார் அவர். மண் வராமல் கிளம்புவதில்லை என்று அத்தை மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டார். மழைக்கு முன்னால் வீட்டைக் காலி செய்தாக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் பிளாஸ்டிக் பட்டறையில் அவரும் அத்தையும் நானும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு கோவில் கொடைத் திருவிழாவைப் பற்றிப் போனது. எங்கள் அம்மன் வடக்குப் பார்த்தவள். ஆனால் கொடையன்று முதல் தேங்காயைக் கிழக்குப் பார்த்து உடைப்போம். தாராவியில் கிழக்கே ஒரு பேக்கரியின் சுவர்தான் இருக்கிறது. அதைப் பார்த்தே உடைக்கிறோம். அது ஏன் என்று மாமாவிடம் கேட்டேன்.

"கெழக்க பனையூரணின்னு ஒரு ஊரு இருக்குல்லா. ஊரணி அங்கதான். தண்ணி வத்திப்போன காலத்துல கொஞ்சம் குடும்பம் அங்கருந்து மேக்க நடந்து வந்துச்சு, அம்மன் மண்ணத் துணியில முடிஞ்சிக்கிட்டு. இருந்த எடத்துக்கு அந்தப் பேரையே வச்சிக்கிட்டாங்க. மேக்க இருக்கதால மேலப்பனையூரணி. அந்தத் தாய்க்குத்தான் மொதத் தேங்கா."

சொல்லி முடித்த மாமா டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நம்ம ஊரே மண்ணு வாங்குன ஊருதான். வாங்குன ஊரு ஒமக்குக் குடுத்திருக்கு. நீரு எனக்குக் குடுத்தா என்ன கொறஞ்சிரும்?"

மாமா சிரித்துவிட்டார். "மயினி, நீங்க மட்டும் வக்கீலுக்குப் படிச்சிருந்தா ஊரு தாங்கியிருக்காது."

அப்போதே ஊருக்குப் போன் போட்டு, அத்தை கேட்டதை அப்படியே சொன்னார். அதுவும் சரிதான் என்று ஊர்த்தலைவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

தாராவிக் கோவிலில் தரை முழுக்க டைல்ஸ். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கொத்தனாரை வைத்து, மூலையில் ஒரு டைல்ஸைப் பெயர்த்து மாமா மண் எடுத்தார். அத்தை அதை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு டாக்சியில் மடியிலேயே வைத்து வந்தார். சாமான்கள் அடுத்த நாள் லாரியில் வந்து சேர்ந்தன.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் ஆபீஸ் முடிந்து விக்ரோலிக்குப் போனால் அத்தையின் வீடு பூட்டியிருக்கும். கீழே மரத்தடியில் மராட்டிப் பெண்கள் சிலர் அவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். இந்த அம்மன் எங்கிருந்து வந்தாள் என்று புதிதாக யாராவது கேட்டிருப்பார்கள். அத்தை தனக்குத் தெரிந்த இந்தியில், பனையூரணியில் தண்ணீர் வற்றியதிலிருந்து தொடங்குவார். கதை விக்ரோலி வந்து சேர நேரமாகும். நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன்.