தலைமாட்டில் நின்றவள்

ஹெனுத்தைப் பற்றிச் சொல்வதென்றால் என் வாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெட்கக்கேடுதான். ஆனாலும் சொல்கிறேன்.

மேற்குக் கரையில், அரசர்களுக்குக் கல்லறை வெட்டுகிறவர்களின் ஊர் எங்களுடையது. சாவு விழுந்தால் அவளும் நானும்தான் அழப் போவோம். ஒசைரிஸைத் தம்பி சேத் கொன்றபோது இரண்டு பெண்கள் பருந்தாக மாறி அழுதார்கள் இல்லையா, அவர்களாக நிற்போம். கால்மாட்டில் மனைவி ஐசிஸ், அது நான். தலைமாட்டில் அவள் தங்கை நெஃப்திஸ், அது ஹெனுத். பெயரை மையால் தோளில் எழுதிக்கொள்வோம். எனக்குக் கண்ணீர் வர வெங்காயம் வேண்டும். ஹெனுத்துக்கு வேண்டாம். முகம் தெரியாத கிழவனுக்கும் மூக்கு ஒழுக அழுவாள், முடித்த கையோடு பசிக்கிறது என்று இரண்டு ரொட்டி தின்பாள்.

அவள் புருஷன் பாகி, கல் வெட்டுகிற அதே கையால் அவள் மணிக்கட்டை உடைத்தான். தறியைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு ஊர்க்கோடியில் தனியாகக் குடியேறினாள். மறுநாள் கழுதைகள் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்து இறக்கும் இடத்தில் என் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"நெஃப்திஸும் புருஷன் சேத்த விட்டுட்டு வந்தவதானே? அக்கா புருஷன்கூடப் படுத்தவளும் அவதானே? இவ ஏன் தலைமாட்ட விடமாட்டேங்கறான்னு இப்பத் தெரியுதா? அடுத்தவ புருஷன் மூஞ்சியப் பாக்கத்தான்!"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. மறுநாளும் சொன்னேன். தலைமாட்டில் நிற்கச் சொல்லி அனுப்பியதே நாங்கள்தான் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அந்த மாதத்தோடு ஹெனுத்தை யாரும் கூப்பிடவில்லை. ஆற்றோர ஊரிலிருந்து வேறொருத்தியை வரவழைத்தார்கள்.

பிறகு என் புருஷன் ஹூய் செத்தான். எழுபது நாள் கழித்து அவன் உடல் துணி சுற்றி வந்தபோது நைல் பொங்கி, ஆற்றோர ஊருக்கு வழி இல்லை. இருவர் அழுது அழைக்காமல் செத்தவன் மறு உலகில் எழுந்திருக்கமாட்டான். ஹெனுத்தின் வாசலில் போய் நின்றேன்.

"வாக்கா" என்றாள், தறியை நிறுத்தாமல்.

"ஹூய்க்கு ஆள் இல்லடி. தப்புப் பண்ணிட்டேன். வந்து நில்லு."

"அவருக்காக வரேன். ரெண்டு தடவ எனக்குத் தண்ணி கொண்டாந்து வச்சாரு, உனக்குத் தெரியாம. ஆனா அந்தப் பேர நான் போட்டுக்கமாட்டேன். நாறடிச்சது நீதானே? நீயே போட்டுக்கோ."

அவள் தோளில் ஐசிஸ் என்று எழுதினேன். என் தோளில் அவள் நெஃப்திஸ் என்று எழுதினாள். கால்மாட்டில் நின்று "என் புருஷனே, வீட்டுக்கு வா" என்று ஹெனுத் கதறினாள். நெஃப்திஸுக்கு அந்த வரி கிடையாது, அவளுக்கு ஒசைரிஸ் கூடப்பிறந்த அண்ணனும்தான். இருபது வருஷம் என்னோடு படுத்தவனை, தலைமாட்டில் நின்று, முகத்தில் கூந்தலை இழுத்து விட்டுக்கொண்டு "அண்ணா" என்று அழைத்தேன். அன்று வெங்காயம் வேண்டியிருக்கவில்லை.

கூந்தல் வழியே ஊர்ப் பெண்களைப் பார்த்தேன். யாராவது சிரிப்பார்கள், காதோடு காதாக ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். தண்ணீர் இறக்கும் இடத்தில் சிரித்த அத்தனை பேரும் இருந்தார்கள். ஒருத்தி என் முதுகைத் தடவி, "பாவம்" என்றாள். அதே பெயர்தான் என் தோளிலும் இருந்தது.

எனக்குத் தலை நிமிரவில்லை.