இரும்புக் கவை

பைராம் தோட்டத்திலிருந்து மூன்றாம் வகுப்புப் படிப்போடு வந்தவன் நான். ஜெலுத்தோங்கில் இரண்டு பட்டறைகள் வைத்தேன். எங்கள் தெருக்கோயிலின் இரும்புக் கதவு, கூரை, தேரின் அச்சு எல்லாம் என் கை பற்றவைத்தவை. உருப்படமாட்டான் என்று சிரித்தவர்களின் பிள்ளைகள் பிறகு என்னிடம்தான் வேலைக்கு வந்தார்கள். கோயில் விழா மலரில் இவ்வளவையும் போட்டிருக்கிறார்கள். ஒன்றை விட்டுவிட்டார்கள்.

கவை என்றால் இப்போது இங்கே பலருக்குத் தெரியாது. கொம்பு இரண்டாகப் பிரிகிற இடம் கவை. தோட்டத்தில் துணி காயும் கயிற்றைத் தூக்கி நிறுத்தவும் குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கவும் கவையுள்ள கொம்பாகத் தேடி வெட்டுவோம். தேர் போகையில் தெருவில் தொங்கும் கம்பிகளைத் தூக்கிவிடுவதும் கவைக்கோல்தான். எங்கள் தேருக்கு முன்னால் அதைப் பிடித்து நடந்தவன் என் மனைவியின் தம்பி. மூங்கில் நுனியில் காய்ந்த ரம்புத்தான் மரக் கவையைக் கட்டியிருப்பான். விரிசல் விட்டால் கயிறு சுற்றிக்கொள்வான்.

என் தேருக்கு முன்னால் கயிறு சுற்றிய கட்டையா? எனக்குப் பொறுக்கவில்லை. இரும்புக் குழாயில் ஒரு கவை செய்து, பளபளவென்று சாயம் அடித்து, பட்டறைப் பெயரையும் எழுதினேன்.

அவன் தூக்கிப் பார்த்தான். "கட்டையே இருக்கட்டும் மாமா. மேல கரண்டு கம்பி இருக்கு லா."

"பயமா இருந்தா சொல்லு, வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் வாங்கிக்கொண்டான்.

அன்று மாலை தேர் போகையில், சந்தை முனையில் ஒரு கம்பியின் உறை உரிந்திருந்தது. கவை அதில் பட்டது. அவன் கை குழாயை விடவில்லை. தேரின் அடியில் கிடந்த பழைய கட்டைக் கவையால்தான் குழாயைத் தட்டிவிட்டோம். அதற்குள் முடிந்துவிட்டது.

மலரில் அவன் படத்துக்குக் கீழே, எதிர்பாராத விபத்தில் மறைந்த தொண்டர் என்று இருக்கிறது. கோயில் செயலாளரிடம் கேட்டேன். விதி அண்ணே, விடுங்க என்றார். என் மனைவியும் விதி என்றுதான் சொல்கிறாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கதவுக்கு என் பெயர் போட்டீர்கள், கூரைக்குப் போட்டீர்கள். அந்தக் கவையையும் நான்தான் செய்தேன். அவன் வேண்டாம் என்றான், நான் கொடுத்தேன். என் வேலையை விதியின் கணக்கில் எழுத வேண்டாம். அடுத்த மலரில், அவன் படத்துக்குக் கீழே, என் பெயரோடு இதைப் போடுங்கள்.