உள்பக்கம் திறக்க வேண்டிய கதவு

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம், அடையாறில் நான் வேலை பார்த்த கட்டட வடிவமைப்பு அலுவலகத்தின் மொட்டை மாடியில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. அதில் பாதி என் மேலேயே.

இமயமலைப் பக்கம் சாலை போடும் தொழிலாளர்கள் குளிர்காலத்தில் தங்க ஒரு வீடு வடிவமைத்துத் தரும் வேலை எங்களுக்கு வந்திருந்தது. லாரி போகாத இடம். அதனால் வீடு தனித்தனிப் பலகைகளாக இருக்க வேண்டும். ஒரு பலகையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மலையேறி, மேலே போய் ஆணி அடிக்காமல் ஒன்றோடொன்று மாட்டி நிறுத்திவிட வேண்டும். மூங்கில் பலகை, நடுவில் குளிர் தாங்க ஆட்டு ரோமம். வேலை முடிந்தால் கழற்றி அடுத்த இடத்துக்குக் கொண்டு போகலாம், மலையில் குப்பை மிஞ்சாது. ஆறு மாதம் உழைத்தோம். படங்கள் அத்தனையும் வரைந்தது நான். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த நான் பார்த்த பெரிய மலை ஊட்டி. பனி என்றால் ஃப்ரிட்ஜில் படிவதுதான் தெரியும்.

மாதிரி வீட்டை மொட்டை மாடியில் நிறுத்தப் பலகைகளை மூன்று மாடி ஏற்ற வேண்டியிருந்தது. எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் தானாக வந்து கை கொடுத்தார். நேபாளத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். சென்னைக்கு வந்து ஏழெட்டு வருடமாகியிருந்ததால் தமிழ் நன்றாகவே பேசுவார். வீடு எழுந்து நின்றதும் உள்ளே போனார். கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். பிறகு என்னிடம் வந்தார்.

“மேடம், கதவு தப்பா கீது. வெளியே தொறக்குது. பனி வந்து நின்னா இன்னா பண்ணுவாங்கோ?”

எனக்குச் சுருக்கென்றது. கதவு உள்ளே திறந்தால் ஒரு கட்டில் போடும் இடம் வீணாகும் என்று வெளிப்பக்கம் திறக்க வைத்தது என் யோசனை. அலுவலகத்தில் அதற்குப் பாராட்டுகூட வாங்கியிருந்தேன். அதைச் சொன்னேன். அவர், சென்னைக்கு வருமுன் தானும் அதே மாதிரி மலைச்சாலையில் வேலை செய்தவன் என்றார். நான்கு பேர் ஒரு தகரக் கொட்டகையில் இருந்திருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் எழுந்தால் கதவுக்கு வெளியே இடுப்பளவு பனி. நால்வரும் சேர்ந்து தள்ளியும் கதவு அசையவில்லை. குளிர் தாங்காமல் உள்ளேயே அடுப்பு மூட்டினார்கள். வெளியிலிருந்து ஆட்கள் பனியை வெட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் ஒருவர் அந்தப் புகையிலேயே போய்விட்டார். இவருடைய ஊர்க்காரர், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குக் கிளம்பி வந்தவர்கள்.

நேராக எங்கள் மேலதிகாரியின் அறைக்குப் போனேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

“வாட்ச்மேன் சொல்றான்னு டிசைனை மாத்திக்கிட்டு இருந்தா நாம எதுக்கும்மா படிச்சோம்?”

வெள்ளிக்கிழமை இந்த வேலையைக் கொடுத்தவர்களின் குழு பார்வையிட வருகிறது, பலகையெல்லாம் அறுத்தாகிவிட்டது, இந்தப் பேச்சு இந்த அறையோடு இருக்கட்டும் என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று நாள் வாயே திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அதைவிட, தப்பு என் பென்சிலில் வந்தது என்ற வெட்கம்.

வெள்ளிக்கிழமை நான்கு பேர் கொண்ட குழு வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற இன்ஜினீயர். கொளுத்தும் வெயிலில் வீட்டைச் சுற்றிப் பார்த்தவர், மலையில் வாழ்ந்தவர்கள் யாராவது இதைப் பார்த்தார்களா என்று கேட்டார். எங்கள் மேலதிகாரி கொஞ்சமும் தயங்காமல், பல முறை அவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் செய்தோம் என்றார். அந்தப் பொய்யைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“சார், அப்படி ஒருத்தர்தான் இருக்கார். கீழ கேட்ல நிக்கறார். கதவு தப்புன்னு சொன்னார்” என்றேன்.

தலைவர் வாட்ச்மேனைக் கூப்பிடச் சொன்னார். வந்தவர் வார்த்தையால் விளக்கவில்லை. மாடியில் தளம் போட வைத்திருந்த மணல் மூட்டைகளைக் காட்டி, கதவுக்கு வெளியே அடுக்கட்டுமா என்று கேட்டார். தலைவர் தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் வாட்ச்மேனும் ஆறு மூட்டை அடுக்கினோம். உள்ளேயிருந்து தலைவர் தள்ளினார். தோளைக் கொடுத்து இடித்தார். கதவு அசையவில்லை. ஒரு நிமிடத்தில் தட்ட ஆரம்பித்துவிட்டார். மூட்டைகளை இழுத்துத் திறந்தபோது வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தார். மேலதிகாரியிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “மாத்துங்க.”

கதவு மாறியது. உள்பக்கம் திறந்தது. மேலே ஆள் நுழைந்து வெளியேற ஒரு சன்னலும் வைத்தோம்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இரண்டே வாரத்தில் வாட்ச்மேனைக் காணோம். காவல் நேரத்தில் கேட்டை விட்டு மாடிக்கு வந்தார் என்று எங்கள் அலுவலகத்திலிருந்தே அவரை வேலைக்கு அனுப்பிய காவல் நிறுவனத்துக்குப் புகார் போயிருக்கிறது. அவரை நந்தனத்தில் ஒரு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்து அந்த வீட்டைப் பற்றி ஒரு பளபளப்பான கையேடு அச்சாகி வந்தது. கதவின் ஆபத்தை எங்கள் மேலதிகாரி கள ஆய்வில் கண்டுபிடித்தாராம். அந்த மனிதர் கால் வைத்த ஒரே களம் எங்கள் மொட்டை மாடி.

கையேட்டை எடுத்துக்கொண்டு நந்தனம் போனேன். வாட்ச்மேனுக்குப் படித்துச் சொன்னேன். அவர் பெருந்தன்மையாகச் சிரித்து விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“செத்தது என் கூட்டாளி மேடம். அவன் செத்ததாலதான் எனக்கு அந்தக் கதவு தெரியும். இவரு எப்படி கண்டுபிடிச்சாரு?”

மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு அவர் பெயரையும் இறந்துபோன நண்பரின் பெயரையும் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

எங்கள் வரைபடங்களின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். என்ன மாற்றம், யார் சொல்லி, எதற்காக என்று அதில் குறிப்பது வழக்கம். மறுநாள் கதவின் படத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பினேன். சொன்னவர் பெயர், இறந்தவர் பெயர், எப்படி இறந்தார் என்று ஒரு வரி. குழுத் தலைவருக்கு நானே அனுப்பினேன். அப்படியே இருக்கட்டும் என்று அவர் பதில் எழுதினார். என் மேலதிகாரி அழிக்கச் சொல்லிக் கத்தினார். மாட்டேன் என்றேன். அடுத்த மாதமே வேறு வேலை தேடிக்கொண்டேன்.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் என்னைத் துணிச்சல்காரி என்கிறார்கள். ஆனால் ஒரு மனிதர் தன் நண்பனைப் பறிகொடுத்துக் கற்றதை என்னிடம் சொன்ன பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மூன்று நாட்களை எத்தனை பாராட்டு வந்தாலும் என்னால் மன்னிக்க முடியவில்லை, மன்னிக்கவும் கூடாது.