தாய்மார் வகுப்புக்குப் போன அப்பா

மனைவி தையல் ஆலைக்கு மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து பகலில் குழந்தை அவன் பொறுப்பு. அவன் எலக்ட்ரீஷியன். கடைகள் அடைத்த பிறகு உள்ளே போய் வயரிங் செய்கிறவன் என்பதால் பகலில் வீட்டில்தான் இருப்பான். குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் கைவந்துவிட்டது. ஊட்டுவதுதான் வரவில்லை. ஏழு மாதப் பாப்பா மசித்த காரட்டைக் கன்னத்தில் பூசினாள், காதில் பூசினாள், அவன் சட்டையிலும் பூசினாள். தப்பித்தவறி ஒரு வாய் உள்ளே போனால் குமட்டி வெளியே தள்ளினாள். அவன் பயந்து கரண்டியைக் கீழே வைத்துவிடுவான்.

சுகாதார நிலையத்தில் 'தாய்மார்களுக்கான உணவூட்டும் வகுப்பு' என்று ஒட்டியிருந்தார்கள்.

"நீங்கதானே ஊட்டுறீங்க, நீங்களே போயிட்டு வாங்க," என்றாள் மனைவி.

பாப்பாவை மேல்வீட்டு அக்காவிடம் விட்டான். போகிற வழியில் ஒரு கடையில் சின்ன வேலை இருந்தது. அதை முடித்து, கருவிப் பையைத் தோளில் தொங்கவிட்டபடியே வகுப்புக்குப் போனான்.

வாசலில் நின்ற ஊழியப் பெண் அவனைப் பார்த்ததும், "அப்பாடா, வந்துட்டீங்களா? அந்த ஃபேன் ஒரு வாரமா கத்திக்கிட்டே இருக்கு," என்றாள்.

உள்ளே அத்தனை பேரும் பெண்கள். சுவரில் இருந்த படங்களிலும் அம்மாக்கள்தான். எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க," என்றான்.

ஏணியில் ஏறி ஃபேனைக் கழற்றினான். காது மட்டும் கீழே இருந்தது. நர்ஸ் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். நடுவில், "அப்பாக்கள்கிட்ட விட்டுட்டுப் போனா, குழந்தைய விட அவங்களுக்குத்தான் ஊட்டணும்," என்றார். அறை முழுக்கச் சிரித்தது. மேலே நின்று அவனும் சிரித்தான்.

இறங்கும்போது மெல்லக் கேட்டான். "சிஸ்டர், குழந்தை குமட்டினா என்ன பண்றது? வீட்ல கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"அவங்களையே வரச் சொல்லுங்க. உங்ககிட்ட சொன்னா பாதிதான் போய்ச் சேரும்."

அதற்கும் தலையாட்டினான். வகுப்பு எப்படி இருந்தது என்று மனைவி கேட்டபோது, "பரவாயில்ல," என்றதோடு நிறுத்திக்கொண்டான்.

மனைவி ஒரு நாள் விடுப்பு எடுத்து பாப்பாவைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் வீட்டுக்காரர் உங்க வகுப்புக்கு வந்தாரேன்னு நர்ஸ்கிட்ட சொன்னேன். ஆம்பளைங்க யாரும் வரலையே, ஃபேன் ரிப்பேர் பண்ண ஒருத்தர்தான் வந்தார்ங்கிறாங்க."

அவன் பாப்பாவின் துணியை மடித்துக்கொண்டிருந்தான். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தான்.

"கூலியாவது வாங்கினீங்களா?"

"இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது; அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. "இவளுக்கு அப்பான்னு சொல்லிக்க என்ன கூச்சம்?" என்றாள்.

மறு வாரம் பாப்பாவையும் தூக்கிக்கொண்டு போனான். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தான். சந்தேகம் கேட்க அவன் முறை வந்ததும் எழுந்து, "நான்தான் ஊட்டுறேன். குமட்டுறா, பயமா இருக்கு," என்றான். காது மடல் சுட்டது. நர்ஸ் ஒரு கணம் தடுமாறிவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தார். குமட்டுவது வேறு, தொண்டையில் அடைத்துக்கொள்வது வேறு என்று விளக்கினார். நிமிர்த்தி உட்கார வைத்து, கரண்டி நுனியில் கொஞ்சமாக எடுத்து, அவளாக வாயைத் திறக்கும்வரை காத்திருக்கச் சொன்னார். பாப்பா அங்கேயே இரண்டு வாய் விழுங்கினாள்.

வெளியே வரும்போது ஒரு பெண் பாப்பாவின் கன்னத்தைத் தொட்டுக் கேட்டாள். "அம்மா இல்லையா?"

"இருக்காங்க. வேலைக்குப் போயிருக்காங்க."

"ஐயோ பாவம்," என்றாள் அவள்.

யாரைச் சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை. பாப்பாவின் வாயைத் துடைத்துவிட்டு வேகமாக நடந்தான்.